ஓக்லஹோமா சிட்டியிலிருந்து மில்வாக்கிக்கு வீடு மாறினால்... இதெல்லாம் தெரியுமா?

அமெரிக்காவின் நடுச் சமவெளியில் இருக்கும் ஓக்லஹோமா சிட்டியைக் காலி செய்துவிட்டு, சாலைவழி ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் வடகிழக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் மில்வாக்கிக்குக் குடிபோகிறவர்கள் கடிகார முள்ளைத் தொடவே வேண்டாம், தெரியுமா? இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான்! ஆனால் சூரியன் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. டிசம்பரில் ஓக்லஹோமா சிட்டியில் மாலை ஐந்தேகாலுக்கு மறைகிற சூரியன், மில்வாக்கியில் நாலேகாலுக்கே போய்விடுகிறது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு வந்து பையை இறக்கி வைப்பதற்குள் தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிடும். ஜூன் மாதத்திலோ மில்வாக்கியில் காலை ஐந்து மணி தாண்டியதுமே ஜன்னலில் வெயில். பழைய ஊரில் அது ஆறேகாலுக்குத்தான். வடக்கே இருப்பதால் கோடையில் மில்வாக்கியின் பகல் நீளம் அதிகம். அப்படியிருந்தும், ஜூன் மாலையில் சூரியன் பிந்தி மறைவது தெற்கே இருக்கும் ஓக்லஹோமா சிட்டியில்தான்! நேர மண்டலத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு ஊரும், அதற்கு வெகுதூரம் மேற்கே இன்னொரு ஊருமாக இருப்பதால் வரும் விந்தை இது.

வீடு மாறும்போது வாடகை, பள்ளிக்கூடம், சம்பளம் என்று எல்லாரும் கணக்குப் போடுவார்கள். போட வேண்டியதுதான். ஆனால் இந்த இரண்டு ஊரும் எதனால் உண்டானவை என்று தெரிந்தால், புது ஊரில் கண்ணில் படும் ஆச்சரியங்களில் பாதி தானாகவே விளங்கிவிடும். ஓக்லஹோமா சிட்டி நிலத்தால் பிறந்த ஊர். மில்வாக்கி தண்ணீரால் பிறந்த ஊர். வீட்டின் அஸ்திவாரம் முதல் தெருவின் சாக்கடை வரை எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஓக்லஹோமா சிட்டியின் நகர எல்லைக்குள் இருக்கும் பரப்பு எவ்வளவு தெரியுமா? சுமார் 1,600 சதுர கிலோமீட்டர்! மில்வாக்கிக்கு வெறும் 250. ஆறு மில்வாக்கிகளைத் தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிச்சம் இருக்கும். ஆனால் மக்கள்தொகையைப் பாருங்கள்: 2020 கணக்கெடுப்பில் ஓக்லஹோமா சிட்டியில் 6,81,054 பேர், மில்வாக்கியில் 5,77,222 பேர். தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடிய 1960இல் அதே சின்ன மில்வாக்கிக்குள் 7,41,324 பேர் இருந்தார்கள்! அதனால்தான் அங்கே வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. மூலைக்கு மூலை ஒரு கடை, ஒரு தேவாலயம், ஒரு மதுக்கூடம். பழைய ஊரில் பால் பாக்கெட்டுக்குக்கூடக் காரை எடுத்தவர்கள் இங்கே நடந்தே போய் வாங்கி வருகிறார்கள்.

ஓக்லஹோமா சிட்டி ஒரே நாளில் பிறந்தது என்றால் நம்புவீர்களா? 1889 ஏப்ரல் 22. காலையில் அங்கே இருந்தது ஒரு ரயில் நிலையமும் சில கட்டடங்களும் மட்டும். நண்பகல் அடித்ததும் துப்பாக்கி வெடித்தது. எல்லைக்கோட்டில் காத்திருந்தவர்கள் குதிரையிலும் வண்டியிலும் ரயிலிலும் பாய்ந்து வந்து, யார் எந்த மனையில் முளைக்குச்சி அடிக்கிறார்களோ அவர்களுக்கு அது சொந்தம் என்று பிடித்துக்கொண்டார்கள். மாலைக்குள் சுமார் பத்தாயிரம் பேர் கூடாரத்தில்! மஸ்கோகி, செமினோல் பழங்குடி மக்களிடமிருந்து அரசு எடுத்துக்கொண்ட நிலம் அது என்பதை மறக்காமல் சொல்லித்தான் இந்த வியப்பைச் சொல்ல வேண்டும்.

இப்போது இதைக் கேளுங்கள். அந்த அவசரத்தில் இரண்டு கோஷ்டிகள் தனித்தனியே ஊரை அளந்தன. ஒன்று வடக்கிலிருந்து, மற்றது தெற்கிலிருந்து. இரண்டும் சந்தித்த இடத்தில், அதாவது இன்றைய ஷெரிடன் அவென்யூவில், தெருக்கள் ஒன்றோடொன்று நேராகச் சேரவில்லை! வடக்கே இருந்து வரும் தெரு ஒரு நொடிப்பு நொடித்துத்தான் தெற்கே போக முடிந்தது.

சரி, மில்வாக்கியில்? அங்கேயும் தெருக்கள் சேரவில்லை! அதுவும் வேண்டுமென்றே! மில்வாக்கி ஆற்றின் கிழக்கே சாலமன் ஜூனோவின் ஊர், மேற்கே பைரன் கில்போர்னின் ஊர். கில்போர்னுக்கு எதிர்க்கரை ஊர் வளர்வது அறவே பிடிக்கவில்லை. தன் தெருக்கள் ஆற்றங்கரைக்கு வரும் இடத்தில் எதிர்க்கரைத் தெருக்களோடு நேர்ப்படாதபடி திட்டமிட்டு வரைந்தார். பாலம் யார் கட்டுவது, யார் பராமரிப்பது என்று சண்டை முற்றி, 1845இல் ஆட்கள் கூட்டமாகத் திரண்டு பாலங்களையே உடைத்துத் தள்ளினார்கள். பாலச் சண்டை என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். அடுத்த ஆண்டே, 1846இல், இரு கரையும் தென்பகுதியும் ஒரே நகரமாகச் சேர்ந்தன. ஆனால் தெருக்கள் சேரவில்லையே! இன்றைக்கும் நகர மையத்தில் பல பாலங்கள் ஆற்றைக் குறுக்காக வெட்டாமல் சாய்வாகத்தான் கடக்கின்றன. பாலத்தின் நடுவே நின்று தண்ணீரைப் பார்த்தால், உங்கள் கால் ஒரு பக்கமும் ஆறு இன்னொரு பக்கமும் போவது கண்ணுக்கே தெரியும். 180 ஆண்டுகளுக்கு முந்தைய பகை, இரும்பிலும் கான்கிரீட்டிலும் உறைந்து நிற்கிறது!

பரந்த ஊருக்குக் கார் வேண்டும், காருக்கு நிறுத்த இடம் வேண்டும். உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் நடப்பட்டது ஓக்லஹோமா சிட்டியில்தான் தெரியுமா? 1935 ஜூலை 16. கார்ல் மகீ என்ற பத்திரிகைக்காரரின் யோசனை. சூப்பர்மார்க்கெட்டில் நாம் தள்ளும் தள்ளுவண்டியும் அதே ஊரில் பிறந்ததுதான். 1937இல் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் மடக்கு நாற்காலியைப் பார்த்து உருவாக்கியது. முதலில் யாரும் அதைத் தொடவில்லையாம்! கூலிக்கு ஆள் வைத்துத் தன் கடைக்குள் தள்ளிக்கொண்டு நடக்கச் சொன்னார்; அதைப் பார்த்த பிறகே வாடிக்கையாளர்கள் கை வைத்தார்கள். மாநிலச் சட்டமன்ற வளாகத்துக்குள்ளேயே எண்ணெய்க் கிணறு தோண்டிய ஊரும் இதுதான். பெட்டூனியாப் பூப்பாத்தி நடுவே துளை போட்டதால் அந்தக் கிணற்றுக்குப் பெயர் ‘பெட்டூனியா நம்பர் ஒன்’! கட்டடத்துக்கு அடியில் இருந்த எண்ணெயைச் சாய்வாகத் துளையிட்டு எடுத்தார்கள்.

விமானத்தில் வீடு மாறுகிறீர்களா? ஓக்லஹோமா சிட்டியின் இரண்டு விமான நிலையங்களுக்கு வில் ராஜர்ஸ், வைலி போஸ்ட் என்று பெயர். இருவரும் 1935இல் அலாஸ்காவில் ஒரே விமான விபத்தில் இறந்தவர்கள்! போய் இறங்கும் மில்வாக்கி விமான நிலையத்துக்குப் பெயர் தந்த பில்லி மிட்செல், விமானப் படையின் அருமை புரியாத மேலதிகாரிகளைப் பகிரங்கமாகச் சாடியதற்காக 1925இல் ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்.

எனக்கு மிகவும் வியப்பான சங்கதி இனிமேல்தான் வருகிறது. சூறாவளி சுழன்றடிக்கும் ஓக்லஹோமா சிட்டியில் பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை கிடையாது; சூறாவளி குறைவான மில்வாக்கியில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் நிலவறை உண்டு! தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? 1999 மே 3 அன்று ஓக்லஹோமா சிட்டியின் தெற்குப் பகுதியைத் தாக்கிய சூறாவளியில் ரேடார் அளந்த காற்றின் வேகம் மணிக்கு 480 கிலோமீட்டரைத் தாண்டியது. 2013 மே 31 அன்று நகருக்கு மேற்கே எல் ரீனோவில் இறங்கிய சுழலின் அகலம் மட்டும் 4 கிலோமீட்டருக்கு மேல்! அப்படிப்பட்ட ஊரில் ஏன் நிலவறை இல்லை?

பதில் மண்ணுக்குள் இருக்கிறது. குளிர் காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து உப்பும். மேலே இருப்பதைத் தூக்கிவிடும். அதனால் அஸ்திவாரத்தை உறைபனி எட்டாத ஆழத்துக்கு இறக்கியாக வேண்டும். மில்வாக்கி இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் அது சுமார் நான்கு அடி. நான்கு அடி தோண்டியே தீர வேண்டும் என்றால், இன்னும் நான்கு அடி தோண்டி ஒரு அறையாகவே கட்டிக்கொள்ளலாமே! ஓக்லஹோமாவில் உறைபனி அவ்வளவு ஆழம் இறங்குவதில்லை. மேலே கான்கிரீட் பலகை போட்டு வீட்டைக் கட்டிவிடலாம். போதாததற்கு அங்குள்ள களிமண் மழையில் வீங்கி, வெயிலில் சுருங்கி, நிலவறைச் சுவரைப் பிளந்துவிடும். அதனால் அங்கே பலர் வேறு வழி கண்டார்கள்: கார் நிறுத்தும் அறையின் தரையில் குழி வெட்டி இறக்கிய இரும்புப் பெட்டி. மூடியை இழுத்தால் கீழே படி, இரண்டு பக்கமும் ஆள் உட்காரப் பலகை. காரை எடுக்காமலே அதன் அடியில் இறங்கி மூடியைச் சாத்திக்கொள்ளலாம். சனிக்கிழமை நண்பகல்தோறும் நகரம் முழுக்க அபாயச் சங்கைச் சோதித்துப் பார்ப்பார்கள். புதிதாய் வந்தவர்கள் முதல் சனிக்கிழமை பதறிப்போய் வானத்தைப் பார்ப்பார்கள்.

மில்வாக்கியின் நிலவறை இன்னொரு அதிசயத்தையும் பெற்றது. வீடு மேல்நோக்கித்தானே வளரும்? இங்கே கீழ்நோக்கி வளர்ந்தது! தென்பகுதியில் குடியேறிய போலந்துத் தொழிலாளர்கள் முதலில் சின்ன மரவீடு ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். தொழிற்சாலைக் கூலியில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் முழு வீட்டையும் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் பாதி தரைக்குள்ளும் பாதி வெளியிலுமாக ஒரு குடியிருப்பைக் கட்டிவிடுவார்கள். வாடகைக்கு விட்டால் கடன் அடையும். ஊரிலிருந்து தம்பி குடும்பம் வந்தால் தங்கவும் இடம் ஆயிற்று. ‘போலிஷ் ஃப்ளாட்’ என்ற பெயரில் அந்த வீடுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. வாசலில் ஏறிப்போக உயரமான மரப்படி. அதன் பக்கத்திலேயே கீழே இறங்க ஒரு சின்னக் கதவு. அதற்கு அடுத்த தலைமுறை கட்டியது, கீழே வீட்டுக்காரர், மாடி போர்ஷனில் குடித்தனக்காரர் என்ற இரட்டை வீடு. வீடு வாங்கக் கையில் அதிகம் இல்லாத புதுக் குடும்பங்கள் இப்போதும் அதே கணக்கில்தான் வாங்குகின்றன.

ஓக்லஹோமாவின் மண் சிவப்பு. இரும்புத் துரு கலந்த அந்தச் செம்மண் செருப்பிலும் பிள்ளைகளின் வெள்ளைக் காலுறையிலும் ஒட்டும். மில்வாக்கியிலும் களிமண் சிவப்புதான். ஆனால் சூளையில் வைத்துச் சுட்டதும் செங்கல் வெளிர் மஞ்சளாக வெளியே வருகிறது! மண்ணிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் செய்யும் மாயம். ‘க்ரீம் சிட்டி’ என்று ஊருக்குப் பட்டப்பெயர் வந்தது அந்தச் செங்கல் நிறத்தால்தான், பாலாடையால் அல்ல.

குளிர்காலம் பற்றிப் பயமுறுத்தாமல் சொல்கிறேன்: மில்வாக்கியில் ஆண்டுக்குச் சராசரி 120 சென்டிமீட்டர் அளவுக்குப் பனி விழும். ஓக்லஹோமா சிட்டியில் விழுவதைவிட ஆறு மடங்கு. பனிக் காலத்து இரவுகளில் தெருவின் எந்தப் பக்கம் காரை நிறுத்தலாம் என்பது தேதியைப் பொறுத்து மாறும். ஒற்றைப்படை தேதி என்றால் ஒரு பக்கம், இரட்டைப்படை என்றால் மறு பக்கம். பனி தள்ளும் வண்டிக்கு வழி வேண்டுமே! சாலைப் பனியைக் கரைக்க உப்புத் தூவுவார்கள். 2013-14 குளிர்காலத்தில் மில்வாக்கி அதோடு எதைக் கலந்து பார்த்தது தெரியுமா? பாலாடைக்கட்டி ஊறவைத்த உப்புநீரை! அமெரிக்காவிலேயே அதிகமாகப் பாலாடைக்கட்டி செய்யும் மாநிலம் விஸ்கான்சின். வீணாகக் கொட்ட வேண்டிய அந்த நீர் தடவிய உப்பு, சாலையில் தெறித்து ஓடாமல் ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் காரணம்.

நாளைக்குக் குளிர் கூடுமா குறையுமா என்று அறியக் கைபேசி தேவையில்லை. நகர மையத்தில் பழைய எரிவாயு நிறுவனக் கட்டடத்தின் உச்சியில் ஒரு சுடர் வடிவ விளக்கு 1956 முதல் இருக்கிறது. சிவப்பு என்றால் வெப்பம் கூடும். பொன்னிறம் என்றால் குளிர் வரும். நீலம் என்றால் மாற்றமில்லை. மினுக்கினால் மழையோ பனியோ நிச்சயம்! ஜனவரியில் பனி பார்த்துச் சலித்தால் மிட்செல் பூங்காவின் மூன்று கண்ணாடிக் கூண்டுகளுக்குப் போய்விடுங்கள். ஒன்றில் பாலைவனம், ஒன்றில் வெப்பமண்டலக் காடு. வெளியே மூச்சு உறையும். கதவைத் திறந்து காட்டுக்குள் காலை வைத்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து கண் மறைக்கும்.

இனித் தொழில். நாம் தினமும் தொடும் ஆங்கில விசைப்பலகையின் எழுத்து வரிசை மில்வாக்கியில் உருவானது தெரியுமா? கிறிஸ்டோபர் லாதம் ஷோல்ஸ் தன் நண்பர்களோடு ஒரு சின்ன இயந்திரப் பட்டறையில் செய்த தட்டச்சுப் பொறிக்கு 1868இல் காப்புரிமை வந்தது. ரெமிங்டன் நிறுவனம் அதை 1874இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கைபேசியில் ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்துத் தமிழ் தட்டுகிறவர்கள் அத்தனை பேரின் கட்டைவிரலும் மில்வாக்கி வரிசையில்தான் ஓடுகிறது! படகின் பின்னால் மாட்டும் மோட்டாரை 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஓலே எவின்ரூடும் மில்வாக்கிக்காரர். காதலிக்காக ஏரியில் துடுப்புப் போட்டு ஐஸ்க்ரீம் கொண்டுவருவதற்குள் அது உருகிவிட்டதுதான் காரணம் என்று ஊரில் கதை சொல்வார்கள்.

ஹார்லி டேவிட்சன் 1903இல் பத்தடிக்குப் பதினைந்தடி மரக்கொட்டகை ஒன்றில் தொடங்கியது. அதன் அருங்காட்சியகத்தில் பளபளக்கும் வண்டிகளுக்கு நடுவே துருப்பிடித்து உருக்குலைந்த வண்டி ஒன்று இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். 2011 சுனாமி ஜப்பானிலிருந்து அடித்துக்கொண்டு போன வண்டி! ஒரு சரக்குப் பெட்டிக்குள் இருந்தபடியே பசிபிக் கடலைத் தாண்டி, மறு ஆண்டு கனடாவின் கரையில் ஒதுங்கியது. ஆரக்கம்பிகள் துருவேறி, உலோகம் பொரிந்து போயிருக்கிறது. புதுப்பித்துத் தருகிறோம் என்று நிறுவனம் சொன்னபோது உரியவர் மறுத்துவிட்டார்; உயிரிழந்தவர்களின் நினைவாக இப்படியே இருக்கட்டும் என்றார்.

தென்பகுதியில் ஆலன் பிராட்லி தொழிற்சாலையின் கோபுரத்தில் நான்கு முகக் கடிகாரம். ஒவ்வொரு முகமும் 12 மீட்டருக்கு மேல் விட்டம்! 2010இல் மெக்காவில் பெரிய கடிகாரம் வரும்வரை நான்கு முகக் கடிகாரங்களில் உலகிலேயே பெரியது இதுதான். இரவில் ஒளிரும் அதைத் தொழிலாளர்கள் ‘போலந்து நிலா’ என்று அழைத்தார்கள்.

கடைசியாகத் தண்ணீருக்கு வருவோம். ஓக்லஹோமா சிட்டியின் பெரிய ஏரிகள் எல்லாம் மனிதர்கள் அணை கட்டித் தேக்கியவை. தென்கிழக்கே இருக்கும் அட்டோகா ஏரியிலிருந்து 160 கிலோமீட்டர் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். நகரின் நடுவே ஓடும் ஆறு ஒருகாலத்தில் எப்படி இருந்தது தெரியுமா? புல் முளைத்து, ஆற்றுக்குள்ளேயே இயந்திரம் விட்டுப் புல் வெட்டினார்கள்! பிறகு தடுப்பணைகள் கட்டி நீர் நிரப்பினார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் கனூ ஸ்லாலம் என்ற படகுப் போட்டி அந்த ஆற்றோரத்துச் செயற்கை நுரைநீர் ஓடையில்தான் நடக்கவிருக்கிறது.

மில்வாக்கியிலோ வாசலிலேயே மிச்சிகன் ஏரி. பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர், அதிகபட்ச ஆழம் 281 மீட்டர். எதிர்க்கரை தெரியாது; அலை அடிக்கும்; மணல் இருக்கும்; உப்பு மட்டும் இருக்காது. காரையும் ஏற்றிக்கொண்டு மறுகரை போகும் விரைவுக் கப்பலுக்கே இரண்டரை மணி நேரம் ஆகிறது. மே மாதத்தில் ஊருக்கு மேற்கே அரைக்கை சட்டை போதும்; கரைக்கு வந்தால் ஸ்வெட்டர் வேண்டும். ஏரியே ஒரு குளிர்சாதனப் பெட்டி!

இவ்வளவு தண்ணீர் இருந்தும் மில்வாக்கி பட்ட பாடு பெரிது. 1993 வசந்தத்தில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குடிநீரில் கலந்து சுமார் நான்கு லட்சம் பேர் நோயுற்றார்கள் என்று மதிப்பிட்டார்கள். அதன்பின் ஏரிக்குள் நீர் எடுக்கும் குழாயை இன்னும் தொலைவுக்கு நீட்டி, ஓசோன் வாயுவால் சுத்திகரிக்கும் முறைக்கு மாறினார்கள். மழைக்காலக் கழிவுநீர் ஏரியில் கலக்காமல் பிடித்து வைக்கப் பூமிக்கடியில் நூறு மீட்டர் ஆழத்தில் சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். நீளம் 46 கிலோமீட்டர்! கழிவுநீரைத் தின்று கொழுத்த நுண்ணுயிர்களை உலர்த்தி உரமாக்கி மூட்டை கட்டி விற்கும் வேலை 1926 முதல் நடக்கிறது. நாடெங்கும் கோல்ஃப் மைதானங்களுக்கு அது போயிற்று. இந்த ஊரை 38 ஆண்டுகள் ஆண்ட மூன்று மேயர்கள் சோஷலிஸ்டுகள் தெரியுமா? எமில் சைடெல், டேனியல் ஹோன், ஃபிராங்க் சைட்லர். நல்ல சாக்கடை, சுத்தமான குடிநீர், எல்லாருக்கும் பூங்கா என்பதையே அரசியலாகச் செய்தவர்கள். ஏரிக்கரையில் யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் மைல் கணக்கில் நடக்க முடிகிறதென்றால், பொதுச்சொத்தைக் காக்கும் அந்த மரபுக்கும் அதில் பங்குண்டு.

வீடு தேடுகிறவர்களுக்கு மிக முக்கியமான ஒன்று. மில்வாக்கிக்கு மேற்கே, சில மைல் தொலைவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு ஓடுகிறது. அதன் கிழக்கே விழும் மழைத்துளி மிச்சிகன் ஏரிக்குப் போகும். மேற்கே விழுந்தால் மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு! மிச்சிகன் உள்ளிட்ட பேரேரிகளின் நீரை அந்த மேட்டுக்கு அப்பால் கொண்டுபோகக் கூடாது என்று 2008இல் எட்டு மாநிலங்கள் செய்த ஒப்பந்தம் சட்டமானது. ஏரியிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் இருக்கும் வாக்கிஷா நகரத்தின் நிலத்தடி நீரில் ரேடியம் இருந்தும், ஏரி நீர் கிடைக்கப் பல ஆண்டு போராட வேண்டியிருந்தது. 2016இல் அனுமதி, 2023 அக்டோபரில்தான் மில்வாக்கித் தண்ணீர் குழாயில் வந்தது. அதுவும் ஒரு நிபந்தனையோடு: எடுத்த அளவு தண்ணீரைச் சுத்திகரித்து, ரூட் ஆற்றின் வழியாக ஏரிக்கே திருப்பித் தர வேண்டும்! தமிழர்கள் பலர் போகும் விஸ்கான்சின் இந்துக் கோயில் இருக்கும் பீவாக்கியும் அந்த மேட்டுக்கு மேற்கேதான்.

ஆகவே, பழைய ஊரில் வீடு பார்க்கும்போது “சூறாவளி அறை இருக்கிறதா?” என்று கேட்டவர்கள், மில்வாக்கியில் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். நிலவறைக்குள் இறங்கிச் சுவரின் அடிப்பகுதியில் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் ஈரம் கசிகிறது என்று பொருள். 1950களுக்கு முன் கட்டிய வீடு என்றால், தெருவிலிருந்து தண்ணீர் உள்ளே வரும் குழாயை ஒரு சாவியால் லேசாகச் சுரண்டுங்கள். வெள்ளிபோல் மின்னி, மிருதுவாகக் கீறல் விழுந்து, காந்தம் ஒட்டாவிட்டால் அது ஈயக் குழாய். நகரில் இன்னும் பல்லாயிரம் வீடுகளுக்கு அப்படித்தான் தண்ணீர் வருகிறது. நகராட்சி அவற்றை மாற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் தெருவின் முறை எப்போது என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள், அதுவரை சமையலுக்கும் குழந்தையின் பாலுக்கும் வடிகட்டிய நீரையே எடுங்கள்.